பங்கும் பத்திரமும்: பொங்கோலிலிருந்து மூலதனச் சந்தையை நோக்குதல்

முன்னுரை

சிங்கப்பூரின் வடகிழக்கு முனையில் அமைந்துள்ள பொங்கோல், ஒரு தலைமுறைக்கு முன்னர் வரை கால்நடைப் பண்ணைகளும் கடலோரக் கம்பங்களும் நிறைந்த பகுதியாக விளங்கியது. 1996இல் ‘பொங்கோல் 21’ என்னும் நகரமைப்புத் திட்டம் அறிவிக்கப்பெற்றது. மறு ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியமையால் வீடு வாங்குவோர் குறைந்து, திட்டமும் தேங்கிற்று. வடகிழக்கு ரயில் பாதை 2003இல் பொங்கோலை எட்டியபோதும், 2007இல் திட்டம் புதுப்பிக்கப்பட்ட பின்னரே நகர் விரைந்து வளரலாயிற்று. இன்று அங்கு மற்றொரு ரயில் பாதை நிலத்தடியில் அமைக்கப்பட்டு வருகிறது. குறுக்குத் தீவு ரயில் பாதையின் பொங்கோல் கிளை 7.3 கிலோமீட்டர் நீளமும் நான்கு நிலையங்களும் கொண்டது. அது 2032இல் நிறைவுறும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது.

இத்தகைய பணிக்கான பணம் எங்கிருந்து வருகிறது? சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2021இல் ஒரு சட்டம் இயற்றி, குறைந்தது 50 ஆண்டுகளேனும் பயன்தரவல்ல பெரும் உள்கட்டமைப்புகளுக்காக 90 பில்லியன் வெள்ளி வரை அரசாங்கம் கடன் பெறலாம் என அனுமதித்தது. அதன்படி 2022 ஆகஸ்டில், 50 ஆண்டுத் தவணை கொண்ட பசுமைக் கடன் பத்திரம் வெளியிடப்பட்டு, ஆண்டுக்கு 3.04 விழுக்காட்டுப் பலனில் 2.4 பில்லியன் வெள்ளி திரட்டப்பட்டது. குறுக்குத் தீவு ரயில் பாதையும் ஜூரோங் வட்டார ரயில் பாதையும் அப்பணத்தைக் கொண்டு நிறைவேற்றப்படவிருந்த திட்டங்களாக அறிவிக்கப்பட்டன. திரட்டப்பட்ட தொகையில் 50 மில்லியன் வெள்ளி பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்டது. எஞ்சியதைக் காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற பெரும் முதலீட்டாளர்கள் வாங்கினர்.

இங்கு ஒரு புதிர் எழுகின்றது. அப்பத்திரம் முதிர்வடையும் ஆண்டு 2072. பொங்கோல் வீவக அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் அதனை வாங்கியிருப்பாராயின், முதலைத் திரும்பப் பெறும்போது அவருக்குத் தொண்ணூறு வயதாகியிருக்கும். ரயில் பாதைக்கு ஐம்பதாண்டுப் பணம் தேவை. சேமிப்பவருக்கோ ஐந்தாண்டில் பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம் வந்துவிடும். இவ்விரு காலத் தேவைகளும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மூலதனச் சந்தையின் நிறுவனங்கள், ஆவணங்கள், விதிகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை இந்த ஒரு பொருத்தத்திற்காகவே தோன்றியவை என்பது கட்டுரையாளரின் கருத்து.

செட்டியார் கிட்டங்கியும் கடனின் பிடியும்

தமிழர்தம் நிதி வரலாற்றைப் பேசுவோர் நாட்டுக்கோட்டை நகரத்தாரிலிருந்து தொடங்குவது மரபு. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவும் அதனை ஒட்டிய பகுதியும் அவர்களுடைய தொழிற்களமாக இருந்தன. நீண்ட கூடமாகிய கிட்டங்கியில் பல கடைகள் அருகருகே செயற்பட்டன. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, சாய்வு மேசை, பேரேடு, இவற்றுக்குரிய சிறு இடம், அவ்வளவே. செட்டிநாட்டிலிருந்து வந்த மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் ஆகியோர் ஏறத்தாழ மூன்றாண்டு கணக்கில் பணிபுரிந்து ஊர் திரும்பினர். தொழிலில் இட்ட பணம், முதலாளியின் சொந்த முதலான ‘முதல் பணம்’ என்றும், உறவினர், கோயில், பிறர் ஆகியோரின் வைப்பான ‘மேல் பணம்’ என்றும் பிரித்தெழுதப்பட்டது. நிறுவனத்தின் சொந்த முதலையும் கடனையும் இன்றைய கணக்கியல் பிரித்துக் காட்டுவதும் இதே முறையில்தான். ஐந்தொகை என்னும் சொல்லும் அவர்களுடைய ஏடுகளிலிருந்து நமக்குக் கிடைத்த செல்வம்.

இவ்வமைப்பின் நுட்பத்தைக் கண்டு, செட்டியார்கள் மூலதனச் சந்தையையே நடத்தினர் எனக் கூறுவாரும் உளர். அக்கூற்றை அப்படியே ஏற்றல் இயலாது. அவர்களுடைய உண்டியல் கைமாறக்கூடியதே. ஆயினும் அது குறுகிய காலத் தேவைக்கான ஆவணம். ஓராண்டுக்கு உட்பட்ட இத்தகைய கடன்களின் களத்தைப் பொருளியலார் பணச் சந்தை என்பர். நீண்ட காலத்திற்கு ஈடு பெற்றுக் கொடுத்த கடனோ கொடுத்தவரிடமே தங்கியது. பணம் வேண்டுமாயின் கடனாளி திருப்பித்தர வேண்டும், அல்லது ஈடு கைக்கு வரவேண்டும். மூன்றாமவர் ஒருவரிடம் அக்கடனை இன்றைய விலைக்கு விற்றுவிட்டு விலகுவதற்கான பொதுச் சந்தை இருக்கவில்லை.

அதன் விளைவைப் பர்மாவில் காணலாம். 1930ஆம் ஆண்டளவில் கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் பயிரிடுவோர் வசமிருந்த நிலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடே செட்டியார்களுக்குச் சொந்தமாக இருந்தது. உலகப் பெருமந்தத்தில் நெல்விலை சரிந்தது. உழவர்கள் கடனைத் தீர்க்க இயலாமற்போயினர். 1930களின் இறுதியில் அவ்விகிதம் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. நிலம் வேண்டி அவர்கள் கடன் கொடுக்கவில்லை. வட்டி ஈட்டும் பணமாகவே தங்கள் முதலை வைத்திருக்க விரும்பினர். கடனை விற்று வெளியேற வழியின்மையால் நிலவுடைமையாளராயினர். அந்நிய நிலக்கிழார் என்ற வெறுப்புக்கும் உள்ளாயினர். பின்னர் வந்த போரிலும் நிலச் சீர்திருத்தத்திலும் அச்செல்வத்தின் பெரும்பகுதி மீளவில்லை. சிவகங்கைச் சீமையின் சில மாளிகைகள் அரைகுறையாகப் பூட்டிக் கிடப்பதற்கும் இதற்கும் தொடர்புண்டு. இப்பொருள் தனி ஆய்வுக்குரியது.

கடனை வாங்கியவர் திருப்பித் தராமலேயே கடன் கொடுத்தவர் தம் பணத்தை மீட்டுக்கொள்ள வகைசெய்வதுதான் மூலதனச் சந்தை. கடன் அப்படியே இருக்கும், கொடுத்தவர் மட்டும் மாறுவார்.

முதற்சந்தையும் இரண்டாம் சந்தையும்

மேற்கூறிய ஏற்பாடு இரண்டு தளங்களில் நடைபெறுகிறது. நிறுவனமோ அரசோ புதிதாகப் பங்கையோ பத்திரத்தையோ வெளியிட்டுப் பணம் பெறும் இடம் முதற்சந்தை. அவ்வாறு வெளியானவை முதலீட்டாளர்களுக்கிடையே கைமாறும் இடம் இரண்டாம் சந்தை. ரயில் பாதைக்குப் பணம் கிடைப்பது முதற்சந்தையில் மட்டுமே. பின்னர் அப்பத்திரம் நூறுமுறை கைமாறினும் அரசாங்கத்திற்கு ஒரு காசும் கூடுதலாக வருவதில்லை. இதனால் இரண்டாம் சந்தையை வெறும் சூதாட்டக் களம் எனக் கருதுவோர் உளர். இரண்டாம் சந்தை இல்லையேல் 2072 வரை காத்திருக்க ஒப்புவோர் மட்டுமே முதற்சந்தைக்கு வருவர். அவர்களும் காத்திருப்புக்கு ஈடாக மிகுந்த வட்டி கேட்பர்.

சிங்கப்பூர் அரசாங்கப் பத்திரங்கள் பெரும்பாலும் ஏலமுறையில் விற்கப்படுகின்றன. அரசாங்கத்தின் முகவராகச் சிங்கப்பூர் நாணய ஆணையம் ஏலத்தை நடத்துகிறது. இன்ன விழுக்காடு கிடைத்தால் வாங்குவேன் என வங்கிகள் கோருகின்றன. மிகக் குறைந்த வட்டி கேட்டவரிலிருந்து தொடங்கி, வேண்டிய தொகை நிறையும் வரை கோரிக்கைகள் ஏற்கப்படும். இறுதியில் ஏற்கப்பட்ட விழுக்காடே அனைவருக்கும் பொருந்தும். வட்டி எதனையும் குறிப்பிடாமல், தீர்மானமாகும் விழுக்காட்டை ஏற்றுக்கொள்வதாகக் கூறும் சிறு முதலீட்டாளர்க்கும் ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. முன்கூறிய 50 ஆண்டுப் பசுமைப் பத்திரமோ ஏலத்தில் விடப்படாமல், வங்கிகளின் கூட்டமைப்பு வழியாக விற்கப்பட்டது. புதிய வகைப் பத்திரத்திற்கு வாங்குவோரை முன்கூட்டியே தேடிப்பிடிக்க வேண்டியிருந்தமை காரணமாகலாம்.

நிறுவனப் பங்குகளைப் பொறுத்தவரை, வெளியீட்டு வங்கிகள் விலையைக் கணித்து, வாங்குவோரைத் திரட்டுகின்றன. சில வேளைகளில் விற்காத பங்கைத் தாமே ஏற்பதாகவும் உறுதியளிக்கின்றன. நிறுவனம் தன் தொழில், கடன், இடர் ஆகியவற்றை வெளியிட்டு அறிக்கை பதிவுசெய்ய வேண்டும். பின்னர் அப்பங்குகள் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படுகின்றன. பழைய பங்குச் சந்தையும் வருபொருள் சந்தையான சைமெக்ஸும் இணைந்து 1999 டிசம்பர் 1ஆம் நாள் இந்நிறுவனம் உருவாயிற்று. 2000 நவம்பரில் அதுவே தன்னைத் தன் சந்தையில் பட்டியலிட்டுக்கொண்டது. தராசு விற்பவனே தன்னைத் தராசில் ஏற்றிக்கொண்டது போன்றது இது. மேற்பார்வைப் பொறுப்பையும் இலாப நோக்கையும் ஒரே நிறுவனம் சுமப்பதுபற்றி எழும் ஐயங்கள் உலகின் பிற சந்தைகளிலும் உள்ளன.

வாங்கியதும் விற்றதும் திரையில் தோன்றிய அளவில் வாணிகம் முடிவடைவதில்லை. பணமும் பங்கும் கைமாறுவதற்குச் சிங்கப்பூரில் 2018 டிசம்பர் முதல் இரண்டு வணிக நாட்கள் ஆகின்றன. அவ்விடைவெளியில் ஒருவர் நொடித்துப்போனால் என்ன ஆகும்? இதற்காகவே தீர்வகம் என்னும் அமைப்பு இருபுறமும் தன்னை நிறுத்திக்கொள்கிறது. விற்பவருக்கு அதுவே வாங்குபவர், வாங்குபவருக்கு அதுவே விற்பவர். பங்குரிமை காகிதமாக வீட்டு அலமாரியில் இல்லாமல் மத்திய வைப்பகத்தில் கணக்காகப் பதிவாகிறது.

இவ்வேற்பாடுகளின் அருமை 1985இல் புலப்பட்டது. பான்-எலக்ட்ரிக் என்னும் நிறுவனம் கடனைத் திருப்பித்தர இயலாமல் அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வீழ்ந்தது. அந்நிறுவனத்தின் பங்கைக் குறிப்பிட்ட விலைக்குப் பின்னொரு நாளில் வாங்கிக்கொள்வதாகத் தரகர்களும் பிறரும் ஒருவருக்கொருவர் ஒப்பந்தம் செய்திருந்தனர். ஒருவர் வாக்குத் தவறினால் அடுத்தவரும் தவறும் நிலை. டிசம்பர் 2 முதல் 4 வரை மூன்று நாட்கள் சிங்கப்பூர், மலேசியப் பங்குச் சந்தைகள் மூடப்பட்டன. மறு ஆண்டு புதிய சட்டம் வந்து தரகு நிறுவனங்களின் மூலதனமும் கண்காணிப்பும் வலுப்படுத்தப்பட்டன. வெளியேறும் கதவு மூன்று நாட்கள் பூட்டப்பட்டதால் எழுந்த அச்சம், விலைச் சரிவைக் காட்டிலும் பெரிதாக இருந்தது.

பங்கு, பத்திரம் என்னும் சொற்கள்

மூலதனச் சந்தையின் அடிப்படை ஆவணங்கள் இரண்டே. அவற்றிற்குத் தமிழில் வழங்கும் சொற்கள் பழமையானவை. அப்பழமையே சில வேளைகளில் பொருள் மயக்கத்திற்கு இடந்தருகிறது.

பங்கு என்றவுடன் நமக்குப் பங்காளியும் பாகப்பிரிவினையும் நினைவுக்கு வருகின்றன. கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குடையவர் தம் பாகத்தைப் பிரித்துத் தருமாறு கோரலாம். நிறுவனத்தின் பங்குதாரர் அவ்வாறு கோர இயலாது. பேருந்து நிறுவனமொன்றின் பங்கை வைத்திருப்பவர் தமக்குரிய பேருந்துச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போக முடியாதன்றோ! அவர் செய்யக்கூடியது தம் இடத்தில் மற்றொருவரை அமர்த்திவிட்டு விலகுவதொன்றே. பாகப்பிரிவினை இல்லாமையால்தான் நிறுவனம் தலைமுறை கடந்தும் சிதறாமல் நிற்கிறது. விற்கும் உரிமை இருப்பதால்தான் பங்குதாரர் அதற்கு உடன்படுகிறார். ஆதாயப் பங்கு கட்டாயமன்று. இயக்குநர் குழு அறிவித்தால் உண்டு. நிறுவனம் கலைக்கப்படின் கடன்காரர் அனைவரும் பெற்றுக்கொண்ட பின் எஞ்சியது மட்டுமே அவருடையது.

பத்திரம் என்னும் சொல் இதனினும் சிக்கலானது. நில ஆவணமும் பத்திரமே, கடன் முறியும் பத்திரமே. ‘பத்திரமாகப் போய் வா’ என்னுமிடத்து அது பாதுகாப்பையும் குறிக்கிறது. கடன் பத்திரம் வாங்கினேன் எனக் கூறும் ஒருவர், தம் பணம் பத்திரமாக இருக்கிறது என்றும் எண்ணிவிடுதல் இயல்பு. உண்மையில் அது வாக்குறுதி மட்டுமே. குறித்த நாளில் குறித்த வட்டியும், முடிவில் முதலும் தருவதாக வெளியிட்டவர் எழுதிக்கொடுத்த வாக்குறுதி. வாக்களித்தவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் பாதுகாப்பு அமையும்.

வாக்குத் தவறாத அரசாங்கத்தின் பத்திரத்திலும் விலை இடர் உண்டு. ஓர் எளிய கணக்கைக் காண்போம். 100 வெள்ளி முகமதிப்புள்ள 50 ஆண்டுப் பத்திரம் ஆண்டுக்கு 3 வெள்ளி வட்டி தருவதாகக் கொள்வோம். மறுநாளே சந்தையின் நீண்டகால வட்டி 4 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. இனி 3 வெள்ளி தரும் பழைய பத்திரத்தை 100 வெள்ளிக்கு எவரும் வாங்கார். வருங்கால வரவுகள் அனைத்தையும் 4 விழுக்காட்டில் கழித்துக் கணக்கிட்டால் அதன் விலை 79 வெள்ளிக்கும் குறைவாகும். வட்டி 2 விழுக்காடாக வீழ்ந்தால் விலை 131 வெள்ளிக்கு ஏறும். வட்டியும் பத்திர விலையும் எதிரெதிர்த் திசையில் நகரும் என்பதும், தவணை நீள நீள அந்நகர்வு பெரிதாகும் என்பதும் இதனாற் பெறப்படும். கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் எந்த விலைக்கு வெளியேறலாம் என்பது அன்றைய நாளுக்குரிய செய்தி.

ஹைஃபிளக்ஸ்: நிரந்தரம் என்னும் அடைமொழி

பங்குக்கும் கடன் பத்திரத்திற்கும் இடையில் கலப்பின ஆவணங்கள் பல உள்ளன. அவற்றுள் முன்னுரிமைப் பங்கும், முதிர்வு நாளற்ற நிரந்தரப் பத்திரமும் சிங்கப்பூர்ச் சிறு முதலீட்டாளர்களின் நினைவில் ஆறாத வடுவாக உள்ளன.

நீர்ச் சுத்திகரிப்புத் துறையில் புகழ்பெற்ற ஹைஃபிளக்ஸ் நிறுவனம் 2011இல் 6 விழுக்காட்டு முன்னுரிமைப் பங்குகளையும் 2016இல் 6 விழுக்காட்டு நிரந்தரப் பத்திரங்களையும் வெளியிட்டது. வங்கி வைப்புக்கு மிகக் குறைந்த வட்டியே கிடைத்த காலம் அது. குடிநீர் வழங்கும் நிறுவனம், நாட்டுக்கு இன்றியமையாத தொழில், ஆறு விழுக்காடு. ஓய்வுபெற்றோர் பலர் விரும்பி வாங்கினர். துவாஸில் அந்நிறுவனம் கட்டிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையுடன் மின்நிலையமும் இணைந்திருந்தது. மின்விலை வீழ்ச்சியால் அதில் நட்டம் பெருகியது. 2018 மே மாதம் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அதன் பங்குகளும் பத்திரங்களும் சந்தையில் கைமாறுவது நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 34,000 சிறு முதலீட்டாளர்களின் 900 மில்லியன் வெள்ளி அவ்விரு வகை ஆவணங்களில் சிக்கிக்கொண்டது. மீட்பு முயற்சிகள் பலனளிக்காமல் 2021இல் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் ஆணையிட்டது.

இங்கு இரு செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. முதலாவது, வரிசைமுறை. நிறுவனம் நொடித்தால் ஈடு பெற்ற வங்கி முதலில் நிற்கும். அடுத்து ஈடற்ற கடன்காரர், அதன்பின் நிரந்தரப் பத்திரதாரர், பின்னர் முன்னுரிமைப் பங்குதாரர், இறுதியில் சாதாரணப் பங்குதாரர். ‘முன்னுரிமை’ என்பது கடைசியில் நிற்பவருக்கு முன்னால் என்னும் அளவினதே. ‘நிரந்தரம்’ என்பது வட்டிக்கு உரிய அடைமொழியாக வாங்கியவர்களுக்குத் தோன்றியிருத்தல் கூடும். திருப்பித்தரும் கடப்பாடு என்றுமே இல்லை என்பதே அதன் சட்டப் பொருள். வட்டியைத் தள்ளிப்போடும் உரிமையும் நிறுவனத்திடமே இருந்தது. இவையனைத்தும் வெளியீட்டு அறிக்கையில் எழுதப்பட்டிருந்தவையே. நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலச் சட்டநடையில் எழுதப்பட்டதை வாசித்துணர்ந்து வாங்கியோர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பது வேறு வினா.

இரண்டாவது, முதிர்வு நாளற்ற ஓர் ஆவணத்தில் சந்தை ஒன்றே வெளியேறும் வழி. ஐந்தாண்டுக் கடன் பத்திரத்திற்குச் சந்தை மூடினாலும் ஐந்தாம் ஆண்டு என்றொரு நாள் உண்டு. நிரந்தரப் பத்திரத்திற்கு அந்நாளும் இல்லை. செய்தி வெளிவந்த அன்றே சந்தை நிறுத்தப்பட்டமையால், பர்மா நெல்வயலில் சிக்கிய செட்டியாரின் நிலைக்கு அவர்கள் வந்தனர். செட்டியாருக்காவது நிலம் கைக்கு வந்தது.

பொங்கோல் குடும்பமும் சந்தையும்

பங்குச் சந்தைப் பக்கமே சென்றதில்லை எனக் கூறும் பொங்கோல் குடும்பமும் இவ்வமைப்புக்குள்தான் வாழ்கிறது. அவர்கள் வசிக்கும் வீட்டைக் கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தன் கட்டுமானப் பணிகளுக்கென நெடுங்காலமாகக் கடன் பத்திரங்களை வெளியிட்டு வருகிறது. 2022 மார்ச்சில் அது தன் முதல் பசுமைப் பத்திரத்தின் வழி ஒரு பில்லியன் வெள்ளி திரட்டியது. இப்பத்திரங்கள் 250,000 வெள்ளி அலகுகளில் விற்கப்படுவதால் அவ்வீடுகளில் குடியிருப்போர் அவற்றை வாங்குவது அரிது.

வார இறுதியில் அவர்கள் செல்லும் வாட்டர்வே பாயிண்ட் கடைத்தொகுதியில் மூன்றில் ஒரு பகுதியை 2019இல் ஃபிரேசர்ஸ் சென்டர்பாயிண்ட் டிரஸ்ட் வாங்கியது. பின்னர் அதன் பங்கு மேலும் கூடியது. இது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சொத்து முதலீட்டு அறக்கட்டளை, வழக்கில் ‘ரீட்’ எனப்படுவது. வரிச்சலுகை பெற வேண்டுமாயின் வரிக்குரிய வருவாயில் குறைந்தது 90 விழுக்காட்டை அது அலகுதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். உணவங்காடிக்காரர் செலுத்தும் வாடகையில் ஒரு துளி இவ்வாறு முன்பின் அறியாத ஒருவரின் கணக்குக்குச் செல்கிறது. கட்டடத்தை விற்காமலேயே கட்டடத்தில் இட்ட பணத்தை நூறு அலகு நூறு அலகாக விற்றுவிட முடிகிறது. செட்டியார்கள் தொழில் நடத்திய அதே மார்க்கெட் தெருவில் இன்று எழுந்து நிற்கும் 51 மாடி கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடத்திலும் ஒரு ரீட் பங்குகொண்டுள்ளது.

அக்குடும்பத்தின் மிகப் பெரிய முதலீடு மத்திய சேம நிதியாகவே இருக்கும். அந்நிதி, சேம நிதிக் கழகத்திற்கென்றே வெளியிடப்படும் சிறப்பு அரசாங்கப் பத்திரங்களில் இடப்படுகிறது. அவை சந்தையில் கைமாறா. சாதாரணக் கணக்கிற்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு வட்டி உறுதி. சந்தை சரிந்தாலும் கணக்கில் எண் குறையாது. ஈடாக, வீடு, முதுமை போன்ற குறிப்பிட்ட தேவைகளுக்கன்றிப் பணத்தை எடுத்தல் இயலாது. விலை இடரை அரசாங்கம் ஏற்றுக்கொண்டு, கதவின் சாவியையும் தன்னிடமே வைத்துக்கொண்டது எனலாம்.

2015இல் அறிமுகமான சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரம் இதற்கு மறுதலையான ஏற்பாடு. பத்தாண்டுத் தவணையுடைய அதனை 500 வெள்ளி முதல் வாங்கலாம். ஆண்டு செல்லச்செல்ல வட்டி கூடும். எந்த மாதத்திலும் விண்ணப்பித்து, முதலில் ஒரு காசும் குறையாமல், அதுவரை சேர்ந்த வட்டியுடன் மீட்டுக்கொள்ளலாம். வாங்குவோரைத் தேட வேண்டுவதில்லை. வெளியேறுபவரின் பத்திரத்தை அரசாங்கமே ஏற்கிறது. சந்தை செய்யும் பணியை இங்கு வெளியிட்டவரே செய்வதால், அச்சலுகைக்கு எல்லை வகுக்கவும் வேண்டியிருக்கிறது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவு முதலில் 100,000 வெள்ளியாக இருந்து, 2019 முதல் 200,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும் அதனை வாங்க இயலாது. அவர்கள் 2072ஆம் ஆண்டுப் பத்திரத்தை வைத்துக்கொண்டு, நாள்தோறும் மாறும் அதன் விலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள்.